சென்னை – மெல்போர்ன்: மலிவு டிக்கெட்டில் எது மலிவு?

மகள் பிரசவத்துக்காக மெல்போர்ன் கிளம்பும் அப்பா, அம்மாக்கள் சிலருக்கு எங்க திருமுடிவாக்கம் பக்கத்தில் டிக்கெட் தேடிக் கொடுத்திருக்கிறேன். அப்போது எடுத்த குறிப்புகள் இவை.

தேடினால் மேலே வந்து நிற்கும் விலை பல சமயம் இரண்டு தனி டிக்கெட்டுகளின் கூட்டுத்தொகை. சென்னை–கோலாலம்பூர் ஒன்று, கோலாலம்பூர்–மெல்போர்ன் இன்னொன்று. நடுவில் இமிகிரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்யணும். (2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு மலேசியா விசா விலக்கு தந்திருக்கிறது. போகும் நாளில் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். டிஜிட்டல் வருகை அட்டையும் நிரப்பணும்.) முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் காசு போச்சு, கேட்க ஆளில்லை. பெட்டிக்கும் சாப்பாட்டுக்கும் தனிக் காசு வேறு. பிரசவத்துக்குப் போகிறவர்கள் பெட்டி என்ன எடை இருக்கும்னு சொல்லவா வேணும்?

இருபத்தைந்து வயசுப் பையன் என்றால் தாராளமாக அப்படிப் போகலாம். முதல் தடவை விமானம் ஏறும் பெரியவர்களுக்கு நான் பார்ப்பது கொழும்பு வழி. சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான். அங்கிருந்து ஸ்ரீலங்கன் 2017 முதல் நேராக மெல்போர்ன் போகிறது. ஒரே பிஎன்ஆர், பெட்டி மெல்போர்னில்தான் கைக்கு வரும். முதல் விமானம் பிந்தி அடுத்ததைத் தவறவிட்டால் மாற்று ஏற்பாடு அவர்கள் பொறுப்பு. கட்டுநாயக்க விமான நிலையப் பலகைகளில் தமிழும் உண்டு. ஆங்கிலம் வாசிக்காத அம்மாவுக்கு இது பெரிய விஷயம்.

டிசம்பர், ஜனவரி அங்கே கோடை விடுமுறை; எந்த வழியானாலும் விலை ஏறும். பிப்ரவரி பிற்பாதியில் தேடிப் பாருங்கள். பிரசவத் தேதியைத் தள்ளிவைக்க முடியாது என்பது வேறு விஷயம்.