பழைய யூனிக்ஸ் கம்ப்யூட்டரில் பெரிய புரோகிராம்: பணம் போடுமுன் பார்க்க வேண்டியவை



பண்டிகைக் கூட்டத்தில் பில் போடும் கம்ப்யூட்டர் திணறினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். விற்க வருபவரோ, "மெஷின் பழசு, புதிதாக வாங்குங்கள்" என்பார். அந்தப் பணத்தைச் சரக்கில் போட்டால் சுழலும். ஆகவே வாங்குமுன் மெஷின் எங்கே திணறுகிறது என்று பார்ப்பது நல்லது. செம்பரம்பாக்கத்தில் எங்கள் மொத்த வியாபாரத்தின் கணக்கை யூனிக்ஸில் வைத்துப் பழகியதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

யூனிக்ஸ் 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. நம் நாட்டில் 1984-ல் வந்த ரங்கராஜன் கமிட்டி அறிக்கைக்குப் பின் வங்கிகளில் கம்ப்யூட்டர் பரவியபோது, பல கிளைகளுக்கு யூனிக்ஸ் மெஷின்களே வந்தன. இன்றைய லினக்ஸும் அதே வழியில் வந்ததுதான். எனவே கீழே சொல்பவை அதற்கும் பொருந்தும்.

கம்ப்யூட்டரின் நினைவகம் நம் கல்லாவுக்குப் பின்னால் உள்ள அலமாரி; டிஸ்க் என்பது குடோன். அலமாரியில் இடமில்லையென்றால் யூனிக்ஸ் சிலவற்றைக் குடோனுக்கு அனுப்பி, வேண்டும்போது திரும்பக் கொண்டுவரும். சுழலும் டிஸ்கிலிருந்து எடுப்பது நினைவகத்திலிருந்து எடுப்பதைவிடச் சுமார் ஒரு லட்சம் மடங்கு தாமதம். ஒவ்வொரு படி பருப்புக்கும் பையன் குடோனுக்கு ஓடினால் கடை என்ன ஆகும்? ஏரியில் 24 அடி தண்ணீர் நின்றாலும் மதகு விடும் அளவுதானே வெளியே வரும்!

இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. கூட்ட நேரத்தில் 'விஎம்ஸ்டாட்' என்ற கட்டளையைக் கொடுக்கச் சொல்லுங்கள். 'எஸ்.ஐ.', 'எஸ்.ஓ.' என்ற பத்திகளில் எண்கள் ஓயாமல் ஏறி நின்றால் நினைவகம்தான் குறை. புது மெஷின் வேண்டாம், நினைவகம் கூட்டினாலே போதும். எண்கள் பூஜ்யமாக இருந்தும் தாமதம் என்றால் கோளாறு வேறிடத்தில்.

செலவில்லாத வேலைகளும் உண்டு.

1. மாதக் கணக்கு, இருப்புப் பட்டியல் போன்ற பெரிய வேலைகளைக் கடை அடைத்தபின் 'கிரான்' மூலம் ஓட விடுங்கள்.

2. பழைய வருடங்களின் பில்களைத் தனிக் கோப்பில் பிரித்து வையுங்கள். பேரேட்டில் பக்க எண் போட்டதுபோல், பெயர் வாரியாக 'இண்டெக்ஸ்' இருக்கட்டும்.

3. வேண்டாத சேவைகளை நிறுத்துங்கள்.

4. பத்து முனையங்களில் ஒரே பில் புரோகிராம் ஓடினால், யூனிக்ஸ் அதன் கட்டளைப் பகுதியை நினைவகத்தில் ஒரே ஒரு பிரதியாக வைத்துப் பகிர்ந்து கொடுக்கும். ஆளுக்கொரு விதமான புரோகிராம் வைக்காதீர்கள்.

இடம் பற்றாமல் வேலை செய்வது யூனிக்ஸுக்குப் பிறவிப் பழக்கம். அது வளர்ந்த பி.டி.பி.-11 மெஷினின் சிறிய மாடல்களில் ஒரு புரோகிராமுக்குக் கிடைத்த இடம் 64 கிலோபைட். அதனால் பெரிய வேலையைச் சிறு புரோகிராம்களாகப் பிரித்தார்கள். 1973-ல் வந்த 'பைப்' வசதி ஒன்றின் விடையை அடுத்ததற்குக் கொடுத்தது. வரிசைப்படுத்தும் 'சார்ட்' கட்டளையும் பெரிய பட்டியலைத் துண்டு துண்டாக அடுக்கிப் பிறகு சேர்க்கிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். எவ்வளவு சிக்கனமாக ஓட்டினாலும் பழைய டிஸ்க் ஒருநாள் நின்றுவிடும். தினமும் நகல் எடுத்து, அதைக் கடைக்கு வெளியே வையுங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் வராத மெஷினை இன்டர்நெட்டில் இணைக்காதீர்கள். மெஷின் போனால் வேறு வாங்கலாம். பாக்கிக் கணக்கு போனால் யாரிடம் கேட்பது?