அமெரிக்க அரசு உயர்நிலைப்பள்ளிகளில் கல்லூரித் தகுதிப்புள்ளித் திட்டம்: தோற்றமும் ஏற்புச் சிக்கலும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசு உயர்நிலைப்பள்ளி மாணவர்கள், பள்ளிப் படிப்பின்போதே கல்லூரிப் பாடங்களைப் பயின்று தகுதிப்புள்ளி பெறும் முறை இரட்டைச் சேர்க்கை எனப்படுகின்றது. ஒரே பாடம் பள்ளிச் சான்றிதழுக்கும் கல்லூரிப் பட்டத்திற்கும் கணக்கிடப்படுவது இதன் அடிப்படை. இத்திட்டத்தின் தோற்றத்தையும் செயல்முறையையும் விளக்கும் இக்கட்டுரை, தகுதிப்புள்ளியின் பயன் அதனை வழங்கும் நிறுவனத்தைவிட ஏற்கும் நிறுவனத்தையே சார்ந்துள்ளது என்பதை நிறுவ முனைகின்றது.

திறவுச்சொற்கள்: இரட்டைச் சேர்க்கை, தகுதிப்புள்ளி, கார்னகி அலகு, உயர்நிலைப்பள்ளி, கல்வி வாய்ப்பு.

முன்னுரை

அமெரிக்காவில் பொதுவாக ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான கல்வி உயர்நிலைப்பள்ளிக் கல்வியாகும். அரசுப் பள்ளிகளில் இதற்குக் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால், அதனை அடுத்துவரும் கல்லூரிக் கல்வி பெரும்பாலும் கட்டணத்திற்குரியது. இளநிலைப் பட்டத்திற்குப் பொதுவாக 120 தகுதிப்புள்ளிகள் தேவை. ஒரு பருவப் பாடம் பெரும்பாலும் 3 புள்ளிகள் பெறும். எனவே, பள்ளியிலேயே நான்கு பாடங்களை முடிக்கும் மாணவர் 12 புள்ளிகளுடன் கல்லூரியில் நுழைகின்றார். காலமும் பணமும் மிச்சமாகும் என்பதே இத்திட்டம் குடும்பங்களுக்குத் தரும் உறுதிமொழி. அவ்வுறுதிமொழி எந்நிலையில் நிறைவேறுகின்றது என்பது ஆராயத்தக்கது.

பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையிலான எல்லை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை அமெரிக்காவில் பள்ளி முடியும் இடமும் கல்லூரி தொடங்கும் இடமும் தெளிவாக வரையறுக்கப்படவில்லை. கல்லூரி ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம் வழங்கும் நோக்கில் ஆண்ட்ரூ கார்னகி 1905-இல் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். எந்த நிறுவனத்தைக் கல்லூரி எனக் கொள்வது என்னும் வினா அப்போது எழுந்தது. மாணவர் சேர்க்கைக்கு 14 அலகு உயர்நிலைப்பள்ளிப் படிப்பைக் கட்டாயமாக்கும் நிறுவனமே ஓய்வூதியத் தகுதி பெறும் என அறக்கட்டளை விதித்தது. ஒரு பாடத்தை ஓராண்டில் ஏறத்தாழ 120 மணிநேரம் பயில்வது ஓர் அலகு. கார்னகி அலகு என வழங்கும் இவ்வளவை, இரு கல்வி நிலைகளையும் பிரிக்கும் கோடாக அமைந்தது. ஒரே வகுப்பு நேரத்தைக் கோட்டின் இருபுறமும் கணக்கிடுவதே இரட்டைச் சேர்க்கை. இதில் எழும் சிக்கல்கள் பலவற்றிற்கும் இவ்வரலாறே பின்புலமாகும்.

திட்டத்தின் வளர்ச்சி

கனெக்டிகட் பல்கலைக்கழகம் 1955-இல் உயர்நிலைப்பள்ளிகளில் தன் பாடங்களை வழங்கத் தொடங்கியது. செயிண்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் 1959-இலும், சிரக்யூஸ் பல்கலைக்கழகம் 1970-களின் தொடக்கத்திலும் இவ்வழியில் இணைந்தன. தொடக்ககால முயற்சிகள் பெரிதும் படிப்பில் முன்னிற்கும் மாணவர்களை நோக்கியவை. 1974-இல் நியூயார்க்கின் லகார்டியா சமுதாயக் கல்லூரி வளாகத்தில் தொடங்கப்பட்ட உயர்நிலைப்பள்ளியோ, படிப்பை இடைநிறுத்தக்கூடும் எனக் கருதப்பட்ட மாணவர்களைக் கல்லூரிச் சூழலுக்குள் கொண்டுவந்தது. 1985-இல் மினசோட்டா மாநிலம் சட்டத்தின்வழி மாநிலம் தழுவிய திட்டத்தை ஏற்படுத்தியது. வாஷிங்டன் மாநிலத்தின் ரன்னிங் ஸ்டார்ட் திட்டத்திற்கு 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. சில நிறுவனங்களின் முயற்சியாக இருந்தது இவ்வாறு மாநிலக் கொள்கையாக மாறியது.

செயல்படும் முறைகள்

இன்று இத்திட்டம் முதன்மையாக மூன்று வடிவங்களில் இயங்குகின்றது. முதலாவது, மாணவர் அருகிலுள்ள கல்லூரிக்குச் சென்று கல்லூரி மாணவர்களுடன் பயில்வது. இரண்டாவது, கல்லூரியின் பாடத்திட்டத்தைப் பள்ளியிலேயே, கல்லூரி ஒப்புதல் அளித்த பள்ளி ஆசிரியர் கற்பிப்பது. மூன்றாவது, பள்ளியும் கல்லூரியும் ஒன்றிணைந்த தனி நிறுவனம். 2001-இல் நியூயார்க் நகரில் பார்டு கல்லூரியும் நகரக் கல்வித் துறையும் இணைந்து தொடங்கிய அரசுப் பள்ளி இதற்குச் சான்றாகும். அங்கு மாணவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளில் உயர்நிலைப்பள்ளிப் படிப்பையும், அடுத்த இரண்டு ஆண்டுகளில் கல்லூரிப் படிப்பையும் மேற்கொண்டு ஈராண்டுப் பட்டம் பெறலாம்.

இவற்றினின்று வேறுபட்டது, காலேஜ் போர்டு நடத்தும் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் முறை. அதில் மே மாதத்தில் நடைபெறும் பொதுத்தேர்வு 1 முதல் 5 வரை மதிப்பிடப்படுகின்றது; அம்மதிப்பைக் கொண்டே கல்லூரிகள் புள்ளி வழங்குகின்றன. குறைந்த மதிப்பு பெற்றவர் அதனைக் கல்லூரிக்கு அனுப்பாமல் விடலாம். இரட்டைச் சேர்க்கையில் பருவம் முழுவதும் பெற்ற தரம் கல்லூரியின் நிலையான மதிப்பெண் பதிவேட்டில் இடம்பெறுகின்றது. பதினாறு வயதில் பெற்ற தாழ்ந்த தரம், பின்னர் அதே கல்லூரியில் சேரும்போது சராசரித் தரப்புள்ளியைக் குறைக்கக்கூடும். நிதியுதவிக்குரிய கல்வி முன்னேற்றக் கணக்கிலும் எதிரொலிக்கக்கூடும். திட்டத்தின் இக்கூறு பெற்றோர்க்கு முன்கூட்டியே விளக்கப்பட வேண்டியதாகும்.

ஆசிரியர் தகுதியும் கட்டணமும்

பள்ளியிலேயே நடைபெறும் கல்லூரிப் பாடத்தின் தரத்திற்கு ஆசிரியரே முதன்மைச் சான்றாகின்றார். நடுமேற்கு மாநிலங்கள் பலவற்றின் கல்லூரிகளுக்கு ஏற்பளிக்கும் உயர்கற்றல் ஆணையம், இத்தகைய ஆசிரியர்களுக்கும் கல்லூரி ஆசிரியர்க்குரிய தகுதி பொருந்தும் என 2015-இல் தெளிவுபடுத்தியது. பாடத்துறையில் முதுநிலைப் பட்டம், அல்லது வேறு துறையில் முதுநிலைப் பட்டத்துடன் அப்பாடத்துறையில் 18 முதுநிலைப் புள்ளிகள் என்பது அப்போது அதன் அளவுகோலாக இருந்தது. பள்ளி ஆசிரியர் பலர் கல்வியியலில் முதுநிலைப் பட்டம் பெற்றிருந்தமையால், பணியிலிருந்தோர் பலரும் தகுதியற்றோராகும் நிலை உருவாயிற்று; நடைமுறைப்படுத்துவதற்கான காலக்கெடு நீட்டிக்கப்பட்டது. ஆசிரியர் எண்ணிக்கை குறைந்த ஊரகப் பள்ளிகளில் ஓர் ஆசிரியர் தகுதி இழப்பது அப்பாடத்தின் கல்லூரிப் புள்ளி முழுவதும் நின்றுபோவதாகும்.

கட்டணத்தை யார் ஏற்பது என்பது மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடுகின்றது. பள்ளிப் படிப்பை முடிக்காதோர்க்குக் கூட்டாட்சி அரசின் பெல் உதவித்தொகை கிடையாது என்பது பொதுவிதி. எனவே மாநிலம், மாவட்டம், கல்லூரி, குடும்பம் ஆகியவற்றுள் ஒன்று செலவை ஏற்க வேண்டும். வாஷிங்டனில் ரன்னிங் ஸ்டார்ட் மாணவர் கல்லூரி வளாகத்திற்குச் சென்று பயிலக் கல்விக் கட்டணம் இல்லை. நூலுக்கும் போக்குவரத்திற்கும் அவரே செலவிட வேண்டும். ஆனால், தம் பள்ளியிலேயே கல்லூரிப் பாடம் பயின்றவரிடம் தகுதிப்புள்ளிக்குக் கட்டணம் பெறப்படும் நிலை நெடுங்காலம் இருந்தது. வளாகத்திற்குச் செல்ல ஊர்தி வசதியற்றவரே பள்ளி வகுப்பை நாடுவர் என்பதால், இம்முறை எளிய குடும்பங்களையே மிகுதியாகப் பாதித்தது. 2023-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக் கல்லூரிகள் வழங்கும் அவ்வகுப்புகளின் கட்டணத்தை நீக்கியது.

பங்கேற்பில் வேறுபாடு

2009-இல் ஒன்பதாம் வகுப்பில் பயின்ற மாணவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்த தேசியக் கல்விப் புள்ளிவிவர மையம், அவர்களுள் 34 விழுக்காட்டினர் இரட்டைச் சேர்க்கைப் பாடம் பயின்றதாகக் குறிக்கின்றது. பெற்றோர் இளநிலைப் பட்டமோ அதற்கு மேலோ பெற்றிருந்த மாணவர்களிடையே இது 42 விழுக்காடு. பெற்றோர் உயர்நிலைப்பள்ளியையும் முடிக்காத மாணவர்களிடையே 26 விழுக்காடு. கல்லூரியை முன்னரே அறிந்த குடும்பங்களே இவ்வாய்ப்பை மிகுதியாகப் பெறுகின்றன என்பது இதனால் பெறப்படும்.

ஏற்புச் சிக்கல்

தகுதிப்புள்ளி மூன்று நிலைகளைக் கடக்கின்றது: பள்ளி கற்பிக்கின்றது, இணைந்த கல்லூரி வழங்குகின்றது, மாணவர் பின்னர் சேரும் கல்லூரி ஏற்கின்றது. முதல் இரண்டும் ஒப்பந்தத்தால் பிணைந்தவை. மூன்றாவது பெரும்பாலும் அவ்வொப்பந்தத்திற்கு வெளியே நிற்கின்றது. அது புள்ளியை முற்றிலும் மறுக்கலாம். அல்லது ஏற்றும் பயனற்றதாக்கலாம். எடுத்துக்காட்டாக, 12 புள்ளிகளுடன் பொறியியல் பிரிவில் சேரும் மாணவரைக் கருதலாம். அவை விருப்பப் பாடக் கணக்கில் மட்டும் வரவு வைக்கப்படின், கணிதம், இயற்பியல் முதலிய கட்டாயப் பாடங்கள் ஒன்றுகூடக் குறையாது. பதிவேட்டில் புள்ளி இருக்கும். படிப்புக் காலம் சுருங்காது.

கல்லூரி விட்டுக் கல்லூரி மாறியோரைப் பற்றிய கூட்டாட்சி அரசுப் பொறுப்புடைமை அலுவலகத்தின் 2017-ஆம் ஆண்டு அறிக்கை, 2004 முதல் 2009 வரை மாறியோர் சராசரியாக 43 விழுக்காட்டுப் புள்ளிகளை இழந்ததாக மதிப்பிட்டது. இது பள்ளி மாணவரைத் தனித்துக் கருதிய கணக்கன்று. ஆயினும் மூன்றாம் நிலையில் நேரும் இழப்பின் அளவை உணர்த்துகின்றது.

புளோரிடா மாநிலத்தின் பொதுப் பாட எண் முறை இதற்கு ஒரு தீர்வைக் காட்டுகின்றது. முதலாண்டு ஆங்கிலக் கட்டுரைப் பாடம் அங்குள்ள அரசுக் கல்லூரிகளில் இ.என்.சி. 1101 என்னும் ஒரே எண்ணால் குறிக்கப்படுகின்றது. இணையான எண்ணுடைய பாடத்தைத் தன்னிடம் பயின்றதாகவே ஏற்பது, மாணவர் மாறிச்சேரும் அரசுக் கல்லூரியின் கடமை. இம்முறை மாநில எல்லைக்கு வெளியேயுள்ள கல்லூரிகளைக் கட்டுப்படுத்தாது.

முடிவுரை

பள்ளியையும் கல்லூரியையும் பிரிக்க உருவான அலகுமுறையின் மீதே அவற்றை இணைக்கும் இத்திட்டமும் எழுப்பப்பட்டுள்ளது. வழங்கப்பட்ட புள்ளிகளின் எண்ணிக்கையை மட்டும் வெற்றியாகக் கொள்வது நிறைவான அளவீடாகாது. அவற்றுள் எத்தனை பட்டத்தின் கட்டாயப் பாடங்களுக்கு ஈடாயின என்பதே பொருத்தமான அளவுகோல். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்லும் மாணவர்க்கு இவ்வேறுபாட்டை எடுத்துரைப்போர் வீட்டில் இரார். பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே அது எங்கு, எதற்கு ஈடாகும் என்பதைப் பள்ளி எழுத்துவழி அறிவிப்பின், இத்திட்டத்தின் உறுதிமொழி அதனை மிகுதியும் நாடுவோர்க்கே பயன்படும்.