93-க்கு ஏ2, 90-க்கு ஏ1

சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வாழ்த்துகள் ஓய்ந்த பிறகு மெல்ல ஒரு சந்தேகம் தலைகாட்டும். மகளுக்குத் தமிழில் 93, பக்கத்தில் ஏ2. கணக்கில் 90, பக்கத்தில் ஏ1. “மாத்திப் போட்டுட்டாங்களோ?” என்பார் அப்பா. இந்த எண்கள் உதாரணத்துக்குச் சொன்னவைதாம். ஆனால் விதிப்படி இப்படி வர இடமுண்டு. வந்தால் அது அச்சுப் பிழையும் அல்ல.

மதிப்பெண் ஒரு கணக்கு, கிரேடு வேறொரு கணக்கு. இரண்டும் ஒரே தாளில் அக்கம்பக்கமாக அச்சாவதால்தான் இத்தனை குழப்பம்.

முதலில் மதிப்பெண். கணக்குப் பாடத்தின் 100-இல் 80 எழுத்துத் தேர்வுக்கு, 20 பள்ளி தரும் அகமதிப்பீட்டுக்கு. அந்த 20-இல் வகுப்புத் தேர்வுகளுக்கும் மற்ற மதிப்பீடுகளுக்குமாக 10, மாணவரின் வேலைகளைத் திரட்டி வைக்கும் போர்ட்ஃபோலியோவுக்கு 5, கணித ஆய்வகச் செயல்பாட்டுக்கு 5. இரண்டையும் கூட்டி 33 வந்தால் பாஸ்.

80 மதிப்பெண் தாளில் 38 கேள்விகள். திருத்துகிறவர் கையில் ஒரு விடைக்குறிப்பு இருக்கும். அதைப் பார்த்தால் கணக்கில் மார்க் எப்படி விழுகிறது என்பது புரிந்துவிடும். மூன்று மதிப்பெண் கேள்வி ஒன்றை அது அரை அரையாகவும் ஒன்று ஒன்றாகவும் உடைத்து வைத்திருக்கும்: சமன்பாட்டைச் சரியாக அமைத்ததற்கு இவ்வளவு, சூத்திரத்தில் எண்களைப் பொருத்தியதற்கு இவ்வளவு, விடைக்கு இவ்வளவு என்று. இரண்டாவது வரியில் கூட்டலுக்குப் பதில் கழித்தல் போட்டுவிட்டு, அந்தத் தப்பான எண்ணை வைத்தே மீதியைச் சரியாகச் செய்த மாணவிக்கு என்ன கிடைக்கும்? ஒரு தவறுக்கு ஒரு முறைதான் மார்க் குறைக்க வேண்டும், அது இழுத்துவரும் அடுத்தடுத்த பிழைகளுக்குக் குறைக்கக் கூடாது என்கிறது வாரியத்தின் அறிவுறுத்தல். தேவைக்கு அதிகமாக ஒரு கேள்வி எழுதியிருந்தால், அதிக மார்க் பெறும் விடையை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டும். ‘கணக்குத் தாள் திருத்துறவங்க கல்நெஞ்சக்காரங்க’ என்று நாம் சொல்லிக்கொண்டு திரிவது முழு உண்மையல்ல.

இதுவரை போட்டி கேள்வித்தாளோடு மட்டும். கிரேடு போடும்போது கூட எழுதியவர்கள் எல்லாரும் உள்ளே வந்துவிடுகிறார்கள்.

ஒரு பாடத்தில் பாஸானவர்கள் அனைவரையும் மார்க் வாரியாக வரிசையில் நிறுத்துகிறார்கள். வரிசையை எட்டாகப் பிரிக்கிறார்கள். முதல் எட்டில் ஒரு பங்குக்கு ஏ1, அடுத்ததற்கு ஏ2, பிறகு பி1, பி2, சி1, சி2, டி1. கடைசிப் பங்குக்கு டி2. தவறியவர்களுக்கு இ. இத்தனை மார்க்குக்கு இந்த கிரேடு என்று முன்கூட்டி எழுதிவைத்த பட்டியல் எதுவும் கிடையாது. தமிழில் எல்லாரும் அள்ளிக் குவித்த வருடம் 93 எடுத்தவரும் இரண்டாம் பங்குக்குத் தள்ளப்படலாம். கணக்குத் தாள் கடினமாக அமைந்தால் 90 முதல் பங்கில் உட்கார்ந்துகொள்ளும்.

கோடு விழும் இடத்தில் ஒரே மார்க்கில் பலர் நின்றால்? 800 பேர் பாஸ் என்று வைத்துக்கொள்வோம். பங்குக்கு 100 பேர். 90 மார்க் எடுத்த 30 பேர் வரிசையில் 81-ஆம் இடத்திலிருந்து 110 வரை நிற்கிறார்கள். 20 பேர் கோட்டுக்கு உள்ளே, 10 பேர் வெளியே. ஒரே மார்க்குக்கு இரண்டு கிரேடு தர முடியாது. எனவே சிறிய கூட்டம் பெரிய கூட்டத்தோடு சேரும். 30 பேருக்கும் ஏ1. அதே 30 பேர் 93-ஆம் இடத்தில் தொடங்கியிருந்தால் உள்ளே 8, வெளியே 22. அப்போது அத்தனை பேருக்கும் ஏ2. அவரவர் எழுதிய விடைத்தாளில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

சரி, ‘91 எடுத்தா ஏ1’ என்ற எண்ணம் நம் தலையில் எங்கிருந்து ஏறியது? தொடர் மதிப்பீட்டு முறை இருந்த நாள்களின் மிச்சம் அது. 2009-இல் வந்து 2017-இல் விடைபெற்ற அந்த முறையில் 91 முதல் 100 வரை ஏ1, 81 முதல் 90 வரை ஏ2 என்று நிலையான அட்டவணை உண்டு. கிரேடுப் புள்ளிச் சராசரியை 9.5-ஆல் பெருக்கிச் சதவீதம் சொன்னதும் அப்போதுதான். பல பள்ளிகளின் ஒன்பதாம் வகுப்பு ரிப்போர்ட் கார்டில் இன்றும் அந்த அட்டவணையே ஓடுகிறது. ஒரு வருடம் ஒரு பொருளில் பார்த்துப் பழகிய எழுத்து, மறுவருடம் சொல்லாமல் கொள்ளாமல் வேறு பொருளுக்கு மாறிவிடுகிறது.

எல்லா இடத்திலும் இப்படி வரிசை பார்ப்பதில்லை. இலங்கையில் சாதாரண தரத் தேர்வில் கணிதத்துக்கு 75 எடுத்தால் ஏ. அங்கே வரிசைக்கு வேலையில்லை. தமிழ்நாட்டு எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கு 100-க்கும் எழுத்துத் தேர்வுதான். செண்டம் என்றால் செண்டம்.

வரிசை முறைக்கும் ஒரு நியாயம் உண்டு. வினாத்தாள் ஒரு வருடம் சுலபம், மறுவருடம் கடினம் என்றானாலும் ஏ1-க்கு உரியவர்களின் பங்கு ஏறக்குறைய மாறாது. ஆனால் அடிமட்டத்தில் அது கொடுமையாகிவிடுகிறது. எல்லாரும் 60-க்கு மேல் எடுத்த வருடம் ஒன்று வந்தாலும், எட்டில் ஒருவர் டி2 வாங்கித்தான் ஆக வேண்டும். வீட்டில் அந்த எழுத்தைப் பார்ப்பவர்களுக்கு 60 கண்ணில் படாது.

ஆகவே பெற்றோர் முதலில் எண்ணைப் பாருங்கள். எழுத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எண்ணிலேயே சந்தேகம் என்றால் வழி இருக்கிறது. திருத்திய விடைத்தாளைப் பார்ப்பது மாணவரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்திருக்கிறது. கட்டணம் செலுத்தி நகல் வாங்கி, விடைக்குறிப்போடு படிப்படியாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகு மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். அவசரப்பட வேண்டாம்: மறுமதிப்பீட்டில் மார்க் ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும், ஒரு மார்க் குறைந்தாலும் குறைந்ததுதான் கணக்கு.