பாதுகாவலர் செய்த பாகப்பிரிவினை

ஒருவருடைய நிலத்தைக் காப்பதாக ஏற்றுக்கொண்டவரே, சொந்தக்காரரை ஒரு வார்த்தை கேளாமல் அதில் பெரும் பாகத்தை அடுத்த வீட்டாருக்கு எடுத்துக் கொடுத்தால், அதற்கு மத்தியஸ்தம் என்று எந்த நியாயஸ்தலமும் பெயர் சூட்டாது. அராபிய தேசத்தில் 1922-ம் வருஷக் கடைசியில் இத்தகைய காரியமொன்று நடந்தது. உகைர் மகாநாடு என்று சரித்திரம் அதைக் குறிக்கிறது.

பாரசீக வளைகுடாவின் வடமேற்கு மூலையிலுள்ளது குவெயித். அதன் ஷேக் முபாரக், 1899 ஜனவரி 23-ந் தேதி பிரிட்டிஷ் ரெஸிடெண்டாகிய கர்னல் மீடுக்கு ஓர் உடன்படிக்கை எழுதிக் கொடுத்தார். பிரிட்டிஷ் சர்க்காரின் முன் சம்மதமின்றித் தாமோ தம் வாரிசுகளோ தம் ராஜ்யத்தில் எந்தப் பாகத்தையும் பிற அரசுகளுக்குக் கொடுப்பதில்லை, விற்பதில்லை, குத்தகைக்கு விடுவதில்லை, அடமானம் வைப்பதில்லை என்பது அதன் சாரம். பிரதியாக ஷேக்குக்குக் கிடைத்த தொகை 15,000 ரூபாய். பவுன் அன்று, ரூபாய் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். அந்த ரெஸிடெண்டு புஷையரில் வாசம் செய்தாலும் இந்திய சர்க்காருக்குக் கீழ்ப்பட்டவர். அக்கரையோரத்தில் நமது நாணயமே செலாவணியாகி வந்தது. 1947 வரையில் வளைகுடா ஷேக்குகளை மேற்பார்த்து வந்தவர்கள் பெரும்பாலும் இந்திய அரசியல் இலாகா உத்தியோகஸ்தர்களே. ஆகையால் இது நமக்கு முற்றிலும் அந்நியமான வியவகாரமன்று.

பாலைவனத்துப் பதூக்களுக்கு எல்லை என்பது கோடு அன்று. கிணறும் மேய்ச்சலுமே எல்லை. மழை பெய்த திசை நோக்கி ஒட்டகங்களுடன் நூற்றுக்கணக்கான மைல் செல்வார்கள்; கோடையில் தங்கள் குலத்துக் கிணறுகளுக்குத் திரும்புவார்கள். ஒரு குலம் எவருக்கு ஸகாத் செலுத்துகிறதோ அவரே அதன் தலைவர். குலம் நகர்ந்தால் அவருடைய அதிகாரமும் கூடவே நகரும். நெஜ்து தேசத்து அதிபதியான இப்னு ஸௌத் இந்த வழக்கத்தையே தம் வாதத்துக்கு ஆதாரமாகக் கொண்டார்: குலங்களைப் பிரியுங்கள், மணலைப் பிரிக்க வேண்டாம் என்பது அவர் கட்சி. அதில் அவருடைய பேராசையும் கலந்திருந்தது உண்மை. ஆயினும் அந்த நாட்டின் வாழ்க்கையை அறிந்த வாதம் அது ஒன்றே.

இப்னு ஸௌதின் இக்வான் படையினர் 1920 அக்டோபரில் குவெயித்தைச் சேர்ந்த ஜஹ்ராவைத் தாக்கினார்கள். இராக்கின் குலங்களையும் அவர்கள் கொள்ளையிட்டார்கள். 1922 மே மாதத்தில் முஹம்மராவில் ஓர் உடன்படிக்கை எழுதி, இன்ன குலம் இராக்குக்கு, இன்ன குலம் நெஜ்துக்கு என்று பங்கிட்டார்கள். இப்னு ஸௌத் அதற்கு ஒப்பமளிக்க மறுத்துவிட்டார். அதன் பின்னர்த்தான் பாக்தாதிலிருந்த ஹை கமிஷனர் ஸர் பெர்ஸி காக்ஸ் உகைர் துறைமுகத்துக்கு நேரில் வந்தார்.

அங்கே கூடிய கட்சிக்காரர்கள் யாவர்? இராக்கு பிரிட்டிஷாரின் மாண்டேட்டுக்கு உட்பட்ட நாடு. இப்னு ஸௌத் பிரிட்டிஷாரிடம் மாதப்பணம் வாங்கிக்கொண்டிருந்தவர். குவெயித்து அவர்களுடைய பாதுகாப்பிலிருந்தது. இராக்குக்காக அதன் மந்திரி ஸபீஹ் பே வந்திருந்தார். குவெயித்துக்காகப் பேச வேண்டியவர் மேஜர் மோர். அவரும் பிரிட்டிஷ் அரசியல் ஏஜெண்டே. நிலத்துக்குரிய ஷேக் அஹமது அழைக்கப்படவில்லை. வாதி, பிரதிவாதி, நீதிபதி மூவருக்கும் ஒரே எஜமானர் இருந்த வழக்கு இது.

ஐந்து நாள் வாதம் நடந்தும் முடிவு காணவில்லை. காக்ஸ் பொறுமையிழந்து, பள்ளிக்கூடத்துப் பையனைக் கண்டிப்பதுபோல் இப்னு ஸௌதைக் கண்டித்து, சிவப்புப் பென்சிலை எடுத்துத் தேசப்படத்தில் தாமே கோடு போட்டாராம். இராக்குக்குப் பெரும் பரப்பு சேர்ந்தது. பாதி ராஜ்யம் போயிற்றென்று இப்னு ஸௌத் கண்ணீர் விட்டபோது, அதை ஈடுசெய்யக் குவெயித்தின் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கை அவருக்கு அளித்தார். கோடு போட இயலாத இடங்களில் இரண்டு நடுநிலைப் பிரதேசங்கள் குறிக்கப்பட்டன. உடனிருந்த டிக்ஸன் என்ற ஆங்கிலேய உத்தியோகஸ்தர் இவ்வாறு எழுதி வைத்திருக்கிறார். ஒரே சாட்சி, அவரும் கதை சொல்வதில் பிரியமுள்ளவர். கண்ணீரையும் கண்டிப்பையும் வேண்டுமானால் தள்ளிவிடலாம். ஆனால் 1913-ல் பிரிட்டனும் துருக்கியும் குவெயித்தைச் சுற்றி வகுத்த வெளி எல்லையையும், 1922 டிசம்பர் 2-ந் தேதி உடன்படிக்கையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நிலம் போனதைத் தள்ள முடியாது.

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த காரியமே இது. நமது நாட்டில் 1890-ம் வருஷத்துச் சட்டப்படி, கோர்ட்டார் நியமித்த கார்டியன் மைனரின் ஸ்தாவர சொத்தைக் கோர்ட்டின் அனுமதியின்றி விற்கவும் கூடாது, அடமானம் வைக்கவும் கூடாது. உகைரில் கார்டியனே கோர்ட்டாகவும் அமர்ந்திருந்தார். நம்முடைய சம்மதமின்றி ஒரு சாண் நிலமும் பிறருக்குக் கொடாதே என்று எழுதி வாங்கியவர்கள், அந்த ஷேக்கின் பேரனுடைய சம்மதமின்றிக் கொடுத்துவிட்டார்கள். பின்னர்க் குவெயித்துக்கு வந்த காக்ஸிடம் ஷேக் அஹமது காரணம் கேட்டார். பேனாவைவிட வாளே வலியது என்ற பொருள்பட விடை வந்ததாம்.

விட்டுவிட்டால் இப்னு ஸௌத் முழுவதையுமே வாளால் பிடித்திருப்பார் என்று காக்ஸின் பக்கத்தார் சொல்வதுண்டு. அப்படியானால் 1920-ல் ஜஹ்ராச் சண்டைக்குப் பின் போர்க்கப்பல்களும் ஆகாய விமானங்களும் வந்து குவெயித்தைக் காத்தது எவ்வாறு? காக்கும் சக்தி இருந்தது, மனமில்லை. நிலம் கொடுத்ததால் சமாதானமும் வரவில்லை. இப்னு ஸௌத் பல வருஷங்கள் குவெயித்தின் உள்நாட்டு வியாபாரத்தைத் தடுத்து வைத்தார்.

இராக்கு எல்லையிலோ ஒரு சொல் ரத்தம் சிந்த வைத்தது. எல்லைக்கு அருகாமையிலுள்ள கிணறுகளைக் கோட்டை முதலிய ராணுவ காரியங்களுக்கு உபயோகிப்பதில்லை என்று உகைரில் எழுதியிருந்தார்கள். அருகாமை என்றால் எத்தனை மைல் என்று எழுதவில்லை. 1927-ல் புஸையாவில் இராக்கு போலீஸ் கோட்டை கட்டத் தொடங்கிற்று. எல்லைக்கு வெகு தொலைவு என்றார்கள் பிரிட்டிஷார். கிணற்றையே நம்பி வாழ்ந்த முதைர் குலத்தாருக்கு அது வாசலில் நின்ற கோட்டை. கட்டிடத்து வேலையாட்களும் போலீஸாரும் கொல்லப்பட்டனர். பதிலுக்கு விமானங்கள் குண்டு போட்டன. முதைர்த் தலைவர் பைஸல் அத்-தவீஷ் தம் அரசருக்கே விரோதியாகி, 1930 ஜனவரியில் பிரிட்டிஷாரிடம் சரணடைந்தார். அவர்கள் அவரை இப்னு ஸௌதிடம் ஒப்புவித்தார்கள். அவர் ரியாத் சிறையில் மாண்டார்.

மேய்ச்சலுக்கென்று பொதுவில் விட்ட குவெயித் நடுநிலைப் பிரதேசத்தில் 1953-ல் எண்ணெய் கண்டார்கள். பிறகு 1965-ல் ஸௌதி அரேபியாவும் குவெயித்தும் அதைப் பங்கிட உடன்பட்டன. எண்ணெய் மட்டும் பொதுவிலேயே நின்றது. 1899-ம் வருஷத்து உடன்படிக்கை 1961 ஜூன் 19-ல் ரத்து செய்யப்பட்டது. உகைரில் போன நிலத்தைப் பற்றி அன்று ஒரு வரியும் எழுதப்படவில்லை.