நினைவிழந்த கைப்பேசிக்கு மறுவாழ்வு

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதனின் அடிப்படைத் தேவைகள் என்று பள்ளியில் படித்தோம். இன்று அந்த வரிசையில் நான்காவதாகக் கைப்பேசியையும் சேர்க்க வேண்டும் என்றால் அது மிகையாகாது. கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது அதில்தான். வங்கியிலிருந்து கடவு எண் வருவது அதில்தான். தேர்வு முடிவைப் பார்ப்பதும், வெளிநாட்டில் வேலை செய்யும் அண்ணனின் முகத்தைப் பார்ப்பதும் அதில்தான். வீட்டுக்கே ஒரு கைப்பேசி என்றிருக்கும் குடும்பங்களிலிருந்து வரும் மாணவர்கள் நம் வகுப்புகளிலேயே பலர் உண்டு.

அப்படிப்பட்ட கைப்பேசி ஒரு நாள் காலையில் நிறுவனத்தின் பெயரை மட்டும் திரையில் காட்டிவிட்டு அப்படியே நின்றுவிட்டால் என்ன செய்வது? "போர்டு போய்விட்டது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுவோர் பலர். ஆனால் பல வேளைகளில் போர்டு முழுவதும் கெட்டிருப்பதில்லை. அதில் அமர்ந்திருக்கும் விரல் நகம் அளவுள்ள சில்லு ஒன்றுதான் கெட்டிருக்கும். அதுவே உள் நினைவகம். கடைக்காரர்கள் ‘மெமரி ஐ.சி.’ என்பார்கள். அது ஏன் கெடுகிறது, அதை எவ்வாறு மாற்றுகிறார்கள், மாற்றினால் எது திரும்பும், எது திரும்பாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விடுமுறை நாட்களில் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தருகே ஒரு பழுதுபார்க்கும் கடையில் உதவிக்கு இருந்து கண்டவற்றையும், வகுப்பில் கற்றவற்றையும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

நினைவகம் என்பது யாது?

கைப்பேசியில் இருவகை நினைவகங்கள் உள்ளன. ஒன்று ‘ரேம்’. அது வகுப்பறைக் கரும்பலகை போன்றது. மின்சாரம் நின்றால் எழுதியது அழிந்துவிடும். மற்றொன்று உள் நினைவகம். அது நோட்டுப் புத்தகம் போன்றது. மின்சாரம் இல்லாவிட்டாலும் எழுதியது நிற்கும். நம் படங்கள், எண்கள், செயலிகள் மட்டுமல்லாமல், கைப்பேசியை இயக்கும் மென்பொருளும் இதில்தான் குடியிருக்கிறது. ஆகவே இது கெட்டால் கைப்பேசிக்குத் தான் யார் என்பதே தெரியாது.

மின்சாரம் இல்லாமல் நினைவு எவ்வாறு நிற்கிறது? 1967-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டாவன் காங், சைமன் சே ஆகிய இருவரும் ‘மிதக்கும் வாயில்’ கொண்ட டிரான்சிஸ்டரை உருவாக்கினர். நாற்புறமும் மின்காப்புப் பொருளால் சூழப்பட்ட ஒரு சிறு அறையை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். அதனுள் எலக்ட்ரான்களை அடைத்துவிட்டால் அவை ஆண்டுக்கணக்கில் வெளியேற மாட்டா. உள்ளே எலக்ட்ரான் இருந்தால் ஒரு குறி, இல்லாவிட்டால் மற்றொரு குறி. இந்த அடிப்படையில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா ஃபிளாஷ் நினைவகத்தைக் கண்டு 1984-இல் உலகுக்கு அறிவித்தார். இன்று நம் கைப்பேசிகளில் உள்ள ‘நேண்ட்’ வகையை 1987-இல் வெளியிட்டார்.

சுவரால் சூழப்பட்ட அறைக்குள் எலக்ட்ரான் எப்படி நுழைகிறது என்ற ஐயம் எழலாம். அதுவே குவாண்டம் இயற்பியலின் விந்தை. சில நானோமீட்டர் கனமே உள்ள அந்தச் சுவரின்மேல் வலுவான மின்புலத்தைச் செலுத்தினால் எலக்ட்ரான்கள் அதை ஊடுருவிச் சென்றுவிடும். 1928-இல் ஃபௌலர், நார்தைம் என்போர் உலோகப் பரப்பிலிருந்து எலக்ட்ரான் வெளிப்படுவதற்குத் தந்த விளக்கமே இதற்கும் அடிப்படை. தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்யும் தத்துவம் நம் சட்டைப் பையிலேயே ஒவ்வொரு நொடியும் வேலை செய்துகொண்டிருக்கிறது!

கைப்பேசியில் இந்த நேண்ட் அடுக்குகளோடு அவற்றை மேற்பார்க்கும் கட்டுப்படுத்தி ஒன்றும் ஒரே உறைக்குள் இருக்கும். ‘ஈ.எம்.எம்.சி.’, ‘யூ.எஃப்.எஸ்.’ என இது இருவகைப்படும். முன்னது எட்டு இழைகளில் தரவை அனுப்பும். ஒரு நேரத்தில் படிக்கவோ எழுதவோ மட்டுமே முடியும். பின்னது ஒரே நேரத்தில் இரண்டையும் செய்யும். பரவலாகக் காணப்படும் சில்லின் அளவு 11.5 மி.மீ.க்கு 13 மி.மீ. அதன் அடியில் 153 பற்றாசு உருண்டைகள், ஒன்றுக்கொன்று அரை மில்லிமீட்டர் இடைவெளியில் அமைந்திருக்கும். இருவகையிலும் 153 உருண்டைகள் உள்ள சில்லுகள் உண்டு. எனினும் உள்ளிணைப்பு வேறு; ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்க இயலாது.

ஏன் கெடுகிறது?

எழுதி எழுதி அழித்தால் நோட்டுத் தாள் தேய்வது போலவே, ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் அந்த மெல்லிய சுவர் சிறிது சிதைகிறது. ஓர் அறையில் ஒரு பிட் மட்டும் வைக்கும் பழைய வகை ஏறத்தாழ 1,00,000 முறை தாங்கும். இரண்டு பிட் வைத்தால் சில ஆயிரம் முறை. மூன்று பிட் வைக்க 8 மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிய வேண்டியிருப்பதால் தாங்கும் திறன் மேலும் குறையும். விலை குறையக் குறைய ஆயுளும் குறைகிறது என்பதே இதன் பொருள்.

கட்டுப்படுத்தி ஒரு நல்ல மேஸ்திரியைப் போன்றது. ஒரே ஆளிடம் எல்லா வேலையையும் சுமத்தாமல் எல்லா அறைகளுக்கும் பகிர்ந்து கொடுக்கும். ஆனால் கைப்பேசியை நாம் நிரப்பி வைத்துவிட்டால், காலியாக உள்ள சில அறைகளே திரும்பத் திரும்ப உழைக்க நேரிடும். இவை தவிர, கீழே விழுவதால் பற்றாசு உருண்டை விரிசல் விடுவதும், நீர் புகுவதும், கட்டுப்படுத்தியே செயலிழப்பதும் உண்டு.

இது கைப்பேசிக்கு மட்டும் உரிய நோயன்று. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவில் டெஸ்லா நிறுவனம் ஏறத்தாழ 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்தது. அவற்றின் நடுத்திரையை இயக்கிய 8 ஜி.பி. ஈ.எம்.எம்.சி. சில்லு எழுதி எழுதித் தேய்ந்துபோனதால் பின்புறக் காமிராவின் படம் தெரியாமல் போயிற்று. இலட்சக்கணக்கில் விலையுள்ள காரையும் இந்தச் சிறு சில்லு முடக்க வல்லது!

அறிகுறிகள்

நாளுக்கு நாள் மந்தமாதல், தானாக அணைந்து எழுதல், பெயர்த் திரையிலேயே நிற்றல் ஆகியவை பொதுவான அறிகுறிகள். இவற்றினும் வியப்பானது ஒன்று உண்டு. கைப்பேசியை முழுவதும் அழித்துப் புதிதாக்கிய பிறகும் பழைய படங்கள் அப்படியே வந்து நிற்கும். தேய்ந்துபோன சில்லு இனி எழுத மறுத்து, படிக்க மட்டும் அனுமதிக்கும் நிலைக்குச் சென்றுவிட்டதே இதற்குக் காரணம்.

ஆனால் இவற்றைக் கண்டவுடன் சில்லைக் கழற்றிவிடக் கூடாது. பேட்டரி, சார்ஜிங் பகுதி, மின் வழங்கும் ஐ.சி., மென்பொருள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்க வேண்டும். ஈ.எம்.எம்.சி. சில்லுக்கு வரும் 3.3 வோல்ட், 1.8 வோல்ட் இரண்டும் சரியாக உள்ளனவா என்று அளக்க வேண்டும். ஈ.எம்.எம்.சி. 5.0 முதல் சில்லே தன் தேய்மானத்தைப் பத்து பத்து விழுக்காடாகக் குறித்து வைக்கிறது. சில்லு பதில் சொல்லும் நிலையில் இருந்தால் அதையும் படித்துப் பார்க்கலாம். மருத்துவர் நாடி பார்க்காமல் கத்தியை எடுப்பதில்லை அல்லவா?

மாற்றும் முறை

முதலில் பின்மூடியை மெல்லச் சூடாக்கித் திறந்து, பேட்டரி இணைப்பை எடுத்துவிடுவார்கள். போர்டைத் தாங்கியில் பொருத்தி, தகரக் கவசத்தை நீக்குவார்கள். அருகில் உள்ள சிறு உறுப்புகளை வெப்பம் தாங்கும் நாடாவால் மறைப்பார்கள். பல கைப்பேசிகளில் செயலியின் தலைமேல் ரேம் ஒட்டியிருக்கும். சூடு அங்கே சென்றால் கெடாததும் கெட்டுவிடும். சில்லைச் சுற்றிப் பசை இருந்தால் அதைச் சுரண்டி எடுப்பது மிகப் பொறுமையான வேலை.

அடுத்து ஃப்ளக்ஸ் தடவி ஹாட் ஏர் கருவியால் சூடாக்க வேண்டும். இங்கே ஒரு செய்தி. 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் மின்னணுப் பொருள்களில் ஈயம் கட்டுப்படுத்தப்பட்டதால் உலகெங்கும் ஈயமில்லாப் பற்றாசு பரவியது. வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, செம்பு 0.5 என்ற விகிதத்தில் அமைந்த அக்கலவை உருக ஏறத்தாழ 217 பாகை செல்சியஸ் வேண்டும். பழைய வெள்ளீய - ஈயக் கலவையோ 183 பாகையிலேயே உருகிவிடும். கூடுதலாகத் தேவைப்படும் அந்த 34 பாகையில்தான் அனுபவமில்லாதவர்களின் கையில் போர்டு கருகுகிறது.

பற்றாசு உருகியதும் இடுக்கியால் சில்லைத் தூக்கிவிட்டு, போர்டில் எஞ்சியதைச் செம்புப் பின்னல் நாடாவால் துடைப்பார்கள். புதிய சில்லில் உருண்டை இல்லையென்றால், ஸ்டென்சில் தகட்டை வைத்துப் பேஸ்ட் பூசிச் சூடாக்கி உருண்டைகள் உண்டாக்குவார்கள். இதுவே ‘ரீபாலிங்’.

போர்டில் வைக்குமுன் புதிய சில்லுக்குப் ‘பாடம்’ சொல்லித்தர வேண்டும். வெற்றுச் சில்லைக் கண்டால் செயலி விழித்துக்கொண்டு நிற்கும். ஆகவே அதனைப் புரோகிராமர் பெட்டியில் வைத்து, தொடக்க நிரல்கள் இருக்கும் பகுதிகளையும் அமைப்புக் குறிப்புகளையும் எழுதுவார்கள். பிறகு போர்டில் வைத்துச் சூடாக்கும்போது ஓர் அழகான காட்சியைக் காணலாம். சற்றே கோணலாக வைத்த சில்லு, பற்றாசு உருகிய நொடியில் தானாகவே நகர்ந்து நேராக அமரும். பரப்பு இழுவிசை செய்யும் வேலை அது! ஆய்வகத்தில் நுண்புழைக் குழாயில் நாம் அளந்த அதே விசைதான்.

திரும்புவதும் திரும்பாததும்

இவ்வளவும் செய்தால் கைப்பேசி பிழைக்கும். ஆனால் அதிலிருந்த நினைவுகள்?

கடையில் நான் கண்ட இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். தேநீர்க் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் மிகப் பழைய கைப்பேசியைக் கொண்டுவந்தார். வாடிக்கையாளர்களின் கடன் கணக்கையெல்லாம் அதில் படமெடுத்து வைத்திருந்தார். அந்தச் சில்லு எழுத மறுத்ததே தவிரப் படிக்க இடம் கொடுத்தது. உள்ளிருந்தது குறியாக்கம் செய்யப்படாதது. எல்லாவற்றையும் கணினியில் நகலெடுத்துக்கொண்ட பிறகே சில்லை மாற்றினார்கள். கணக்கு பிழைத்தது.

மற்றொருவர் நடுத்தர வயதுப் பெண்மணி. கைப்பேசி அண்மைக்காலத்தது, சில்லு முற்றிலும் செத்துவிட்டது. கடை அண்ணன் வேலையைத் தொடங்குமுன்பே, "அக்கா, போனுக்கு உயிர் குடுத்துடலாம். ஆனா உள்ள இருந்தது வராது. சம்மதம்னா பிரிக்கிறேன்" என்றார். அவர் சிறிது நேரம் பேசவில்லை. "அவரு பேசி அனுப்புனது அதுலதான் தம்பி இருக்கு. அவரு போயி ஒரு வருசமாகுது" என்றார். அண்ணன் அவருடைய கூகுள் கணக்கைத் திறந்து பார்த்தார். சில படங்கள் இருந்தன, குரல் இல்லை. கடைசியில், "பையன் படிப்புக்குப் போன் வேணும், போடுப்பா" என்று சொல்லிவிட்டு அந்த அம்மையார் வெளியே சென்று அமர்ந்துகொண்டார்.

அண்ணனின் கைத்திறனில் குறையில்லை. சில்லு செத்தது ஒரு தடை. குறியாக்கம் மற்றொரு தடை. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், திறன் மிக்க புதிய கைப்பேசிகளில் தரவைக் குறியாக்கம் செய்வது கட்டாயமாயிற்று. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் ஒவ்வொரு கோப்பும் தனித்தனியே பூட்டப்படுகிறது. பூட்டு நினைவகச் சில்லில். திறவுகோலின் வேரோ செயலிக்குள். ஐஃபோனிலும் இதே நிலைதான். ஆகவே சில்லைத் தனியே கழற்றிப் படித்தாலும் கிடைப்பது பொருளற்ற எண்களின் குவியலே. திருடனிடமிருந்து நம்மைக் காக்கும் அதே பூட்டு, சில வேளை நம்மையும் வெளியே நிறுத்திவிடுகிறது.

இன்னும் ஒரு செய்தியையும் அறிந்திருக்க வேண்டும். பல கைப்பேசிகளில் 15 இலக்க அடையாள எண்ணுக்குரிய தரவும் இந்த நினைவகத்திலேயே இருப்பதால், சில்லை மாற்றியபின் சிக்னல் வராமல் போகலாம். அதற்காக வேறோர் எண்ணை எழுதுவது குற்றம். 2017-இல் இந்திய அரசு இதற்கென விதிகளே வகுத்தது. அதே கைப்பேசியின் பழைய சில்லிலிருந்து எடுத்த நகலைப் பயன்படுத்துவதே நேர்மையான வழி. மேலும், வேறொரு கைப்பேசியில் இருந்து கழற்றிய சில்லில் ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய இரகசியத் திறவுகோல் முன்பே பதிந்திருக்கலாம். அது புதிய இடத்தில் தொல்லை தரும். எனவே புதுச் சில்லா, பழைய சில்லா என்று கேட்டு வாங்குவது நம் உரிமை.

நாம் செய்ய வேண்டியவை

நினைவகத்தில் ஐந்தில் ஒரு பங்கையாவது காலியாக வையுங்கள். இழக்க முடியாத படத்தையும் குரலையும் இன்றே இன்னோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள். கைப்பேசி மந்தமாகி அடிக்கடி அணையத் தொடங்கினால், அது முற்றிலும் நிற்கும்வரை காத்திராதீர்கள். அது உங்களுக்குத் தரும் கடைசி அவகாசம் அதுவே. பழுதுபார்க்கக் கொடுக்கும்போது, "உள்ளே இருப்பது முக்கியமா, கைப்பேசி முக்கியமா?" என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். வேலையின் வரிசையே அதைப் பொறுத்து மாறும்.

2022 ஜூலையில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஆராயக் குழு ஒன்றை அமைத்தது. அதன் பட்டியலில் கைப்பேசியும் இடம்பெற்றது. சட்டமும் குழுவும் ஒருபுறம் இருக்கட்டும். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கள் நுண்ணோக்கியின் கீழ் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் 153 புள்ளிகளைப் பிசகாமல் பொருத்துகிறார்கள். அவர்கள் கையில் இருப்பதற்குரிய விளக்கம் நம் பாடநூலில் இருக்கிறது. நம் பாடநூலில் இருப்பதற்குரிய செய்முறை அவர்கள் கையில் இருக்கிறது. இரண்டும் சந்திக்க ஓர் இடம் வேண்டும். நம் இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு ஹாட் ஏர் கருவியும், ஒரு நுண்ணோக்கியும், பழைய போர்டுகள் சிலவும் வைத்து, மாதம் ஒரு நாள் அத்தகைய கைவினைஞர் ஒருவரை அழைத்துக் கற்க ஏற்பாடு செய்யுமாறு பேராசிரியப் பெருமக்களைப் பணிவுடன் வேண்டுகிறேன். அப்படி ஒரு நாள் வருமானால், பட்டம் பெற்று வெளியேறும் நாம் பழுதான ஒரு பொருளைக் கண்டு, "இதை எறிந்துவிடு" என்று சொல்லுமுன், "இதில் எது கெட்டது?" என்று கேட்கக் கற்றிருப்போம்.