வீட்டில் தமிழை நிறுத்த வேண்டாம்!

பெங்களூர்த் தமிழர் வீட்டுப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். மற்ற பிள்ளைகள் மூன்றையும் சமாளித்து விடுவார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பேச்சு வரத் தாமதமானால், "வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள்" என்று சொல்லும் பள்ளிகள் உண்டு.

இது தவறான யோசனை. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் இக்குழந்தைகளின் பேச்சு பின்தங்குவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. ஆங்கிலம் சரளமாக வராத தாய் அதில் என்ன பேசுவாள்? "கம்", "ஈட்" என்பதோடு சரி. கொஞ்சலும் இல்லை, கதையும் இல்லை. பிள்ளை கேட்கும் பேச்சே குறைந்து விடுகிறது!

பள்ளியில் வேண்டியது வேறு. தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை, "போதும்" ஆகிய படங்கள் ஒட்டிய அட்டை. பிள்ளை தண்ணீர்ப் படத்தைத் தொட்டதும் டீச்சர் "வாட்டர்" என்று சொல்லித் தண்ணீர் கொடுக்க வேண்டும். அதே படத்தைக் காட்டி வீட்டில் அம்மா "தண்ணி" என்பாள். படம் காட்டிப் பழகினால் பேச்சு வராது என்று பயப்பட வேண்டாம். அது பேச்சைத் தடுப்பதில்லை. கேள்வி கேட்டபின் பதிலுக்குச் சற்றுக் காத்திருப்பதும் முக்கியம். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இது சிரமம்தான்.

மைசூரில் 1965-ல் தொடங்கிய மத்திய அரசின் அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனத்தில் இக்குழந்தைகளைப் பரிசோதித்துப் பயிற்சி தருகிறார்கள். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்க்கப்பட்டுள்ளது. 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் பாதிப்பு என்று சான்றிதழ் பெற்றால், 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெற உரிமை உண்டு.

பரிசோதனைக்குப் போகும்போது, பிள்ளைக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்களை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். "தண்ணி"யும் ஒரு சொல்தான்; அதையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.