பிள்ளையின் வாயும் தகப்பனார் பையும்

18 வயது நிரம்பாத மைனர் எழுதிக் கொடுத்த பத்திரம் செல்லாது என்பது நம் நாட்டுச் சட்டம். 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்துக்கு இவ்வாறு பொருள் கூறி 1903இல் பிரிவி கவுன்ஸில் தீர்ப்பளித்தது. ஈட்டுப் பத்திரம் கையில் இருந்தும், மைனருக்குக் கடன் கொடுத்த லேவாதேவிக்காரரின் கட்சி தோற்றது. பிள்ளைகளின் அறியாமையைப் பெரியவர்கள் தம் லாபத்துக்கு உபயோகித்துக் கொள்ளலாகாது என்பதே இதன் தாத்பரியம்.

நியாயஸ்தலத்தில் அடைபட்ட இக்கதவை வியாபார விளம்பரம் வீட்டுக் கூடத்தில் திறந்து கொண்டிருக்கிறது. விளம்பரக்காரர் பிள்ளையிடம் பணம் கேட்பதில்லை. பணம் உள்ளவரிடம் கேட்கும்படி பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறார். மிட்டாயோடு பொம்மை, பானத்தைக் குடித்தால் உயரம், அடுத்த வீட்டுப் பையனிடம் உள்ளது உன்னிடம் இல்லையே என்ற ஏக்கம். டெலிவிஷனிலும் கைப்பேசியிலும் இவையே அவருடைய ஆயுதங்கள். குழந்தை சம்பளமில்லாத ஏஜெண்டாகத் தன் பெற்றோரிடமே அனுப்பப்படுகிறது. அழுகையையும் பிடிவாதத்தையும் தவிர அந்த ஏஜெண்டுக்கு வேறு மூலதனம் வேண்டியதில்லை.

இதனால் நேரும் செலவு அற்பமென்று சிலர் கருதலாம். ஒரு குழந்தைக்குத் தினம் ஒரு 5 ரூபாய்ப் பொட்டலம் என்றால், இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டில் மாதம் 300 ரூபாய். வருஷத்தில் 3,600 ரூபாய். தினக்கூலி பெறும் தொழிலாளிக்கு இது பல நாள் உழைப்பு. பணத்தைக் காட்டிலும் பெரிய நஷ்டம் ஒன்றுண்டு. வாங்கித் தந்தால் கடன். மறுத்தால் அன்பில்லாத தகப்பன் என்ற பெயர். தன் பிள்ளையின் கண்முன் ஏழையைத் தலைகுனியச் செய்வதும் ஒரு வியாபாரமாகுமா?

மறுப்பது பெற்றோர் கடமையல்லவா என்று கேட்கிறார்கள். கடமைதான். ஆனால் ஒரு கட்சியில் வேலை முடிந்து களைத்து வரும் தகப்பன்; எதிர்க்கட்சியில் சினிமா நடிகர்களும், சித்திரக்காரர்களும், குழந்தை மனத்தை ஆராய்ந்த நிபுணர்களும். இது சமபலமுள்ள வழக்கல்ல. சர்க்கார் தலையிட வேண்டிய இடம் இதுவே.

பிற நாடுகள் என்ன செய்தன? கனடாவின் க்யூபெக் மாகாணம், 13 வயதுக்குட்பட்டோரை நோக்கிய வியாபார விளம்பரங்களை 1978ஆம் வருஷத்துச் சட்டத்தால் தடுத்தது. பேச்சுரிமை பறிபோயிற்றென்று பொம்மைக் கம்பெனி ஒன்று வழக்காடியது. 1989இல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட், பேச்சுரிமைக்கு இது தடைதான் என்று ஒப்புக்கொண்டும், எளிதில் ஏமாறும் பருவத்தினரைக் காக்கும் அத்தடை நியாயமானதே என்று தீர்ப்புக் கூறியது. ஸ்வீடன் 12 வயதுக்குட்பட்டோரை நோக்கிய டெலிவிஷன் விளம்பரங்களை 1991 முதல் அனுமதிப்பதில்லை. அமெரிக்காவிலோ, 1978இல் வர்த்தகக் கமிஷன் எழுப்பிய இதுபோன்ற யோசனையை வியாபாரிகள் பலமாக எதிர்த்தார்கள். 1980இல் காங்கிரஸ் சபை கமிஷனின் அதிகாரத்தைக் குறைத்தது. 1981இல் யோசனையே கைவிடப்பட்டது. ஜனங்களின் ஆதரவு திரளாத சீர்திருத்தம் இக்கதியையே அடையும்.

நம் நாட்டில் விதி இல்லாமலில்லை. 2022 ஜூன் மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, பொருளை வாங்கும்படியோ, வாங்கித் தருமாறு பெற்றோரை வற்புறுத்தும்படியோ குழந்தைகளை விளம்பரம் நேராகத் தூண்டலாகாது. வாங்காத பிள்ளை மற்றவர்க்குத் தாழ்ந்தவன் என்று காட்டலாகாது. வறுவல், சோடா பானம் முதலியவற்றின் விளம்பரங்களைக் குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளில் புகுத்தலாகாது. பொய் விளம்பரத்துக்கு 10 லக்ஷம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019ஆம் வருஷத்துச் சட்டம் இடம் தருகிறது. ஜில்லா கலெக்டருக்கே புகார் எழுதலாம். ஆனால் புகார் செய்வாரில்லாத விதி, சாட்சியில்லாத வழக்கைப் போல ஏட்டோடு நின்றுவிடும்.

பத்திரிகைகளும் விளம்பர வருமானத்தால் நடப்பவையே. நாமும் அதற்கு விலக்கல்ல. ஆகவே இது பிறருக்கு மட்டும் செய்யும் உபதேசமன்று. சரக்கின் குணத்தைப் பெரியவர்களிடம் சொல்லி விற்கும் விளம்பரத்தோடு நமக்கு விரோதமில்லை. தகப்பனின் பையைத் திறக்கக் குழந்தையின் அழுகையைச் சாவியாக்குவதையே நாம் கண்டிக்கிறோம். பொதுக் காரியங்களில் ஈடுபட்ட நமது வாசகர்கள் இத்தகைய விளம்பரங்களைக் கவனித்து, தேதியும் நேரமும் குறித்துக் கலெக்டருக்கு எழுத வேண்டும். ஊருக்கு ஒருவர் எழுதினாலும் போதும். சர்க்கார் செவிசாய்க்காமல் இருக்க முடியாது.